யோகா கற்க எந்தப் புத்தகம்? வாங்கும் முன் ஒரு ஒப்பீடு

"வகுப்புக்குப் போக நேரமில்லை, நல்ல யோகா புத்தகமாக ஒன்று சொல்லுங்களேன்" என்று வருஷத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். ஜனவரி முதல் வாரத்திலும், ஜூன் 21 யோகா தினத்தை ஒட்டியும் கேட்பவர்கள் கொஞ்சம் கூடுவார்கள். நான் யோகா ஆசிரியர் இல்லை. பதினைந்து வருஷமாக இந்தப் புத்தகங்களை வாங்கிச் சேர்ப்பவன், தரையில் விரித்துவைத்துச் செய்து பார்ப்பவன், நடுவில் சில வருஷம் வகுப்புக்கும் போனவன். அவ்வளவுதான் என் தகுதி.

முதன்முதலில் வாங்கியது ஒரு பேருந்து நிலையக் கடையில் தொங்கிய ஒல்லிப் புத்தகம். 108 ஆசனம், எல்லாம் கோட்டோவியம். ஒவ்வொன்றுக்கும் கீழே அது குணமாக்கும் நோய்களின் பட்டியல், சர்க்கரையில் தொடங்கி வழுக்கை வரைக்கும். பஸ்திரிகை என்ற பக்கத்தில் மூச்சை வேகமாக இழுத்து வேகமாக விடவும், 100 முறை என்று போட்டிருந்தது. ஒருநாள் விடியற்காலையில் வெறும் வயிற்றோடு உட்கார்ந்து செய்தேன். அறுபதைத் தாண்டியபோது உதட்டைச் சுற்றி மரத்துப்போனது, விரல் நுனிகள் குறுகுறுத்தன, கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்தபடி பத்து நிமிஷம் அசையாமல் இருந்தேன். காரணம் பிறகுதான் புரிந்தது. வேகவேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. தலைசுற்றல் அதனால் வருவது, மரத்துப்போவதும் கரியமில வாயு குறைவதன் விளைவுதான். அந்தப் புத்தகத்தில் 'தலை சுற்றினால் நிறுத்து' என்ற ஒரு வரி கிடையாது.

அன்றிலிருந்து எந்த யோகா புத்தகத்தை எடுத்தாலும் பலன்கள் பகுதியைத் தாண்டிப் போய்விடுவேன். யார் செய்யக்கூடாது, எப்போது நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று தேடுவேன். இல்லையென்றால் திரும்ப அலமாரியில் வைத்துவிடலாம்.

இன்னொன்றும் பழக்கமாகிவிட்டது. யோகா புத்தகம் ஒவ்வொன்றும் தன் எதிரில் ஒரு ஆளை உட்காரவைத்துக்கொண்டுதான் பேசுகிறது. அந்த ஆள் யார் என்று அட்டையில் போடமாட்டார்கள். உள்ளே பத்துப் பக்கம் படித்தால் தெரிந்துவிடும். அந்த ஆளின் உடம்பும் நம் உடம்பும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் கீழே உள்ள ஒப்பீட்டைச் செய்திருக்கிறேன்.

ஐயங்கார்: கண்டிப்பான வாத்தியார்

யார் கேட்டாலும் முதலில் வரும் பெயர் பி.கே.எஸ். ஐயங்காரின் 'லைட் ஆன் யோகா'. 1966இல் லண்டனில் வெளிவந்தது. வயலின் மேதை யெஹூதி மெனுஹின் முன்னுரை எழுதியிருக்கிறார். சுமார் 200 ஆசனங்கள், 600 கறுப்பு வெள்ளைப் படங்கள், எல்லாப் படத்திலும் ஐயங்காரேதான். சின்ன வயதில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று படாதபாடு பட்ட உடம்பு அது என்று படங்களைப் பார்த்தால் நம்ப முடியாது.

இந்தப் புத்தகத்தின் பெரிய பலம் துல்லியம். பாதம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், முழங்கால் சில்லு எப்படி மேலேற வேண்டும், கண் எங்கே பார்க்க வேண்டும், எத்தனை நொடி நிற்க வேண்டும் என்று ஒன்றையும் விடுவதில்லை. ஒவ்வொரு ஆசனத்துக்கும் பக்கத்தில் 1 முதல் 60 வரை ஒரு கடின எண் போட்டிருக்கும். ஆர்வக்கோளாறில் எதையாவது முயற்சி செய்பவர்களுக்கு அந்த எண் ஒரு நல்ல வேகத்தடை. புத்தகத்தின் கடைசியில் 300 வாரப் பாடத்திட்டம் ஒன்றும் உண்டு. கிட்டத்தட்ட ஆறு வருஷம்.

அந்தப் பாடத்திட்டத்தில்தான் எனக்கு ஒரு தயக்கம். முதல் இரண்டு வாரத்திலேயே சர்வாங்காசனமும் ஹலாசனமும் வந்துவிடுகின்றன. தோளில் உடம்பைத் தூக்கி நிறுத்துவதும், காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவதும், நாற்பது வயதில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து உட்காரும் கழுத்துக்கு இரண்டாம் வாரத்துச் சமாசாரம் இல்லை. ஐயங்காரே பிற்காலத்தில் மடித்த ஜமக்காளங்களைத் தோளுக்கு அடியில் வைத்துக் கழுத்துக்கு இடம் கொடுத்துத்தான் சர்வாங்காசனம் கற்றுத்தந்தார். பெல்ட், மரக்கட்டை, நாற்காலி, சுவரில் கட்டிய கயிறு என்று புனேயில் அவர் உருவாக்கிய துணைக்கருவிகள்தான் இன்று அவர் வழியின் அடையாளம். 1966 புத்தகம் இவற்றுக்கு முந்தியது. ஆகவே புத்தகத்தை மட்டும் பார்த்துச் செய்பவருக்கு ஐயங்காரின் கண்டிப்பு முழுசாகக் கிடைக்கும், பிற்காலக் கருணை கிடைக்காது.

இந்தப் புத்தகம் எதிரில் உட்காரவைத்திருப்பது அடிப்படை வலுவுள்ள, விடாப்பிடியான ஒரு மாணவரை. வாரம் ஒரு வகுப்புக்காவது போகிறீர்கள், வீட்டில் சந்தேகம் பார்த்துக்கொள்ள ஒரு நூல் வேண்டும் என்றால் இதற்கு ஈடு இல்லை. பெண்களுக்கு இதே வழியில் அவர் மகள் கீதா ஐயங்கார் எழுதிய 'யோகா: எ ஜெம் ஃபார் விமன்' (1983) இன்னும் பொருத்தம். மாதவிடாய், கர்ப்பம் பற்றித் தந்தை சுருக்கமாகச் சொன்னதை மகள் விரித்துச் சொல்லியிருக்கிறார்.

முங்கேர்: கால் விரலிலிருந்து

பீகாரில் கங்கைக்கரை ஊரான முங்கேரில் உள்ள பீகார் யோகப் பள்ளியின் புத்தகம் 'ஆசன பிராணாயாம முத்ரா பந்தா'. சுவாமி சத்யானந்த சரஸ்வதி எழுதியது, முதல் பதிப்பு 1969. சத்யானந்தரின் குரு சுவாமி சிவானந்தர், நம் திருநெல்வேலிச் சீமையில் பாய்க்குப் பேர்போன பத்தமடையில் 1887இல் பிறந்தவர். ஒரு எச்சரிக்கை: கோரைப்பாயில் நின்றுகொண்டு செய்யும் ஆசனங்களைச் செய்யாதீர்கள். வழவழ தரையில் அது சறுக்கிக்கொண்டு போகும். படுத்துச் செய்பவற்றுக்கும் மூச்சுப்பயிற்சிக்கும் அதைவிடச் சுகமான விரிப்பு கிடையாது.

இந்தப் புத்தகம் தொடங்குவது எங்கே தெரியுமா? கால் விரலை மடக்கி நீட்டுவதில். பவன்முக்தாசன வரிசை என்று பெயர். காலை நீட்டி உட்கார்ந்து, கைகளைப் பின்னால் ஊன்றி, விரல்களை மட்டும் முன்னும் பின்னும் 10 முறை. அப்புறம் கணுக்கால், அப்புறம் முழங்கால், இடுப்பு, மணிக்கட்டு, தோள், கழுத்து. என் அத்தைக்கு வயது 64, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அவருக்கு இந்தப் பக்கங்களைக் காட்டியபோது, "ஏன்டா, கால் விரலை மடக்கறதுக்கு ஒரு புஸ்தகமா?" என்று கேட்டார். மூன்று வாரம் கழித்துப் போனால், கட்டிலில் உட்கார்ந்து சீரியல் பார்த்துக்கொண்டே கணுக்காலைச் சுழற்றிக்கொண்டிருக்கிறார்.

வரிசையின் மூன்றாவது பகுதி எனக்குப் பிடித்தது. திரிகை சுற்றுவது, படகு வலிப்பது, குந்தி உட்கார்ந்து விறகு பிளப்பது என்று வீட்டு வேலைகளின் அசைவுகளையே பயிற்சியாக வைத்திருக்கிறார்கள். மாவரைக்கும் திரிகையைப் பார்த்தே இராத என் மகனுக்கு, சொல்லிக்கொடுப்பதற்கு முன் அது என்னவென்று படம் வரைந்து காட்ட வேண்டியிருந்தது.

இதிலுள்ள ஆசனங்களுக்கு யார் தவிர்க்க வேண்டும் என்ற குறிப்பு ஒழுங்காகக் கொடுக்கப்பட்டிருக்கிறது. ரத்த அழுத்தம், இதயநோய், குடலிறக்கம், முதுகுத்தட்டு விலகல் என்று தெளிவாகப் பெயர் சொல்லியே. என் முதல் சோதனையில் முழு மதிப்பெண். குறை என்று சொன்னால் பலன்கள் பகுதிதான். இன்ன ஆசனம் இன்ன சுரப்பியைத் தூண்டும் என்று அடித்துச் சொல்லும் இடங்களை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்கிறேன். படங்களும் கோட்டோவியங்களே, ஐயங்காரின் புகைப்படங்களில் தெரியும் நுணுக்கம் இவற்றில் இல்லை. ஆனால் ஆசனத்தில் தொடங்கி பிராணாயாமம் (மூச்சுப்பயிற்சி), முத்திரை (கை, உடல் குறிகள்), பந்தம் (உடல் பூட்டுகள்) வரை ஒரே புத்தகத்துக்குள் படிப்படியாக வைத்திருப்பதால், ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்பவருக்கு இதைத்தான் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து ஒரு மெல்லிய குரல்

டி.கே.வி. தேசிகாச்சாரின் 'தி ஹார்ட் ஆஃப் யோகா' 1995இல் வந்தது. அவர் அப்பா டி. கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்தி, பிறகு சென்னைக்குக் குடிவந்தவர். ஐயங்கார் அவருடைய மைத்துனர். ஆசனங்களை மூச்சோடு கோத்துத் தொடர்ச்சியாகச் செய்யும் அஷ்டாங்க வின்யாசத்தை உலகமெங்கும் கொண்டுபோன பட்டாபி ஜோயிஸ் அவருடைய மாணவர். ஒரே வாத்தியாரிடமிருந்து கிளம்பிய மூன்று வழிகள், மூன்றும் ஒன்றையொன்று பார்த்து முறைத்துக்கொள்ளும் அளவுக்கு வேறு வேறு. கிருஷ்ணமாச்சாரியார் ஆளுக்கும் வயதுக்கும் தக்கபடி பாடத்தை மாற்றிச் சொல்லிக்கொடுத்தார் என்பதுதான் இதற்குப் பெரிய காரணம். மைசூரில் அவர் முன் நின்றவர்கள் பையன்கள். சென்னையில் வந்து உட்கார்ந்தவர்களில் நோயாளிகளும் வயதானவர்களும் நிறைய.

இன்ஜினியரிங் படித்த தேசிகாச்சார் அந்தச் சென்னைக்காலப் பாடத்தைத்தான் எழுதியிருக்கிறார். ஆசனத்தின் வடிவத்தைவிட அதற்குள் மூச்சு எப்படிப் போய்வருகிறது என்பதுதான் இதில் முக்கியம். கையைத் தூக்கும்போது மூச்சை உள்ளே எடு, குனியும்போது விடு. மூச்சு முடிவதற்குள் அசைவும் முடியட்டும். மூச்சு திணறினால் ஆசனம் உனக்கு அதிகம், குறைத்துக்கொள். ஒரு ஆசனத்துக்குப் பிறகு அதன் அழுத்தத்தை ஈடுகட்டும் எதிர் ஆசனம் எது என்றும் விளக்குகிறார். முட்டி மடங்கினால் பரவாயில்லை, முதுகு வலிக்காமல் இருப்பது முக்கியம் என்று யோகா புத்தகம் ஒன்றில் முதல்முறை படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. என் பின்தொடைத் தசை பிறவி முரடு.

இதை வாங்கி ஏமாந்தவர்களும் உண்டு. இது ஆசன அகராதி கிடையாது. எடுத்துக்காட்டுக்குச் சில ஆசனங்களும் வரிசைகளும்தான் உண்டு. மீதி எல்லாம் உனக்கான பயிற்சியை எப்படி அமைப்பது என்ற பேச்சு, கூடவே பதஞ்சலியின் யோகசூத்திரத்துக்கு மொழிபெயர்ப்பும் உரையும். காலையில் எழுந்து எதைச் செய்வது என்று பட்டியல் வேண்டுபவர் இதை மூடிவைத்துவிடுவார். மதியம் சாய்வுநாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறவர் திரும்பத் திரும்ப எடுப்பார்.

ஒரே திரிகோணாசனம், மூன்று பக்கங்கள்

வித்தியாசம் தெரிய வேண்டுமானால் ஒரு ஆசனத்தை எடுத்து மூன்று வழியிலும் செய்து பாருங்கள். நான் திரிகோணாசனத்தை எடுத்தேன். ஐயங்காரின் புத்தகம் தரையில் திறந்தபடி நிற்காது, கனம் அதை மூடிவிடும். சமையலறையிலிருந்து இடிகல்லைக் கொண்டுவந்து ஓரத்தில் வைத்தேன். கால்களுக்கு இடையே 3 முதல் 3½ அடி. வலது பாதம் 90 பாகை திரும்ப வேண்டும், இடது கொஞ்சம் உள்பக்கம். பக்கவாட்டில் சாய்ந்து வலது உள்ளங்கை கணுக்காலுக்குப் பக்கத்தில் தரையில். இடது கை நேர் மேலே, பார்வை கட்டைவிரலில். அங்கேயே அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம். என் கை தரைக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது. படத்தில் அவர் கை தரையில் இருக்கிறது. நடுவில் உள்ள அந்த ஒரு சாணை என்ன செய்வது என்று புத்தகம் சொல்லவில்லை. வகுப்பில்தான், கைக்குக் கீழே மரக்கட்டை வை என்றார்கள்.

முங்கேர் வழியில் இதே ஆசனம் ஒரு அசைவு. மூச்சை விட்டுக்கொண்டே சாய்ந்து, எடுத்துக்கொண்டே நிமிர்ந்து, சுற்றுகளாகச் செய்ய வேண்டும். முன்பக்கம் குனியாமல் பக்கவாட்டிலேயே சாய் என்ற ஒரு கட்டளை மட்டும் கறார். தேசிகாச்சார் வழியிலும் மூச்சோடு போய்வருவதுதான். சில முறை போய்வந்து, உடம்பு இளகியபிறகு இருக்க முடிந்த இடத்தில் இருந்துகொள்ளலாம். ஒரு சாண் பற்றிக் கவலையே இல்லை. மறுநாள் காலை மூன்றில் எது உடம்பில் நல்லவிதமாகத் தெரிந்தது என்று பார்த்தால், உங்கள் புத்தகம் எது என்று பாதி தெரிந்துவிடும்.

மூச்சுக்கு வந்தால் சண்டை

ஆசனத்தில் புத்தகங்களைக் கலந்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மூச்சில் கலந்தால் குழப்பம்தான். முழு மூச்சு எடுப்பது எப்படி என்ற அரிச்சுவடியிலேயே மூன்று புத்தகமும் மூன்று சொல்கின்றன. முங்கேர் நூலில் முதலில் வயிறு எழும்பும், அடுத்து விலாக்கூடு விரியும், கடைசியில் காறை எலும்பை ஒட்டிய மேல்மார்பு உயரும். தேசிகாச்சார் தலைகீழ்: மார்பிலிருந்து கீழே வயிற்றை நோக்கி எடு, விடும்போது வயிற்றிலிருந்து தொடங்கு. ஐயங்காரின் 'லைட் ஆன் பிராணாயாமா' (1981) வயிற்றை உப்பவிடாதே, மார்புக்கூட்டை விரி என்கிறது.

இதில் யார் சரி? காற்று எப்படியும் நுரையீரலுக்குள்தான் போகிறது, வயிற்றுக்குள் போவதில்லை. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசையான உதரவிதானம் கீழே இறங்கும்போது எந்தச் சுவரை அசையவிடுகிறோம் என்பதில்தான் வேறுபாடு. வயிற்றைத் தளர்த்தினால் அது முன்னால் வரும். வயிற்றை லேசாகப் பிடித்துவைத்தால் விலாக்கூடு பக்கவாட்டில் விரியும். பதற்றத்தில் மேல்மார்பால் மட்டும் மூச்சு விடுபவருக்கு வயிற்றிலிருந்து தொடங்குவது இளைப்பாறுதல் தரும். கூன் விழுந்த முதுகுக்கு மார்பிலிருந்து தொடங்குவது நிமிர்வு தரும். ஆக மூன்றும் சரி. ஆனால் திங்கட்கிழமை ஒன்று, செவ்வாய்க்கிழமை ஒன்று என்று மாற்றி மாற்றிச் செய்தால் மூச்சுக்குத் தானாக வரும் ஒழுங்குகூடப் போய்விடும். நான் ஒரு வருஷம் அப்படிக் குழம்பினேன்.

ஒரு மூக்கு மாற்றி ஒரு மூக்கால் மூச்சு விடும் நாடிசுத்தியில் விரல் வைப்பதிலும் இப்படித்தான். முங்கேரில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் புருவ மத்தியில் இருக்கும். ஐயங்கார் வழியில் அவை உள்ளங்கைக்குள் மடங்கியிருக்கும். கட்டைவிரல் ஒருபக்கமும், மோதிர விரலும் சுண்டுவிரலும் மறுபக்கமும் மூக்கின்மேல் எவ்வளவு மெல்லப் பட வேண்டும் என்பதற்கே ஒரு அத்தியாயம். இந்த விரல் அத்தியாயம் படிக்கத் தகுந்தது. மூக்கை அடைப்பதற்கும் மூக்கின் வாயைக் கொஞ்சம் குறுக்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவரைப்போல் வேறு யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

மூச்சுக்கென்று தனிப்புத்தகமே வேண்டுமா என்றால், முதல் வருஷம் வேண்டாம் என்பேன். ஆசனம் கைகூடிய பிறகே பிராணாயாமம் என்று பதஞ்சலியே வரிசை வைத்திருக்கிறார். ஐயங்காரும் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் மூச்சை அடக்காமல், உள்மூச்சைவிட வெளிமூச்சைக் கொஞ்சம் நீட்டி விடுவது யாரும் செய்யக்கூடியது. வெளிமூச்சின்போது இதயத்துடிப்பு இயல்பாகவே சற்றுக் குறையும், அதை நீட்டினால் உடம்பு அமைதியாகும். இதற்குப் புத்தகம் போதும். கும்பகம், அதாவது மூச்சை அடக்கி நிறுத்துவதும், கபாலபாதி, பஸ்திரிகை போன்ற வேகப்பயிற்சிகளும் எதிரில் ஒரு ஆள் உட்கார்ந்து நம் முகத்தைப் பார்க்க வேண்டியவை. புத்தகம் நம் முகத்தைப் பார்க்காது.

மூலநூல்கள்

"இதெல்லாம் எதுக்கு, நேரா மூலத்தையே படிச்சுடலாமே" என்று ஒரு நண்பர் கேட்டார். படிக்கலாம், பயிற்சிக்கு இல்லை. 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோக பிரதீபிகையில் ஆசனங்கள் 15தான். மூச்சு நிறுத்துவதைக் காலை, நண்பகல், மாலை, நள்ளிரவு என்று நான்கு வேளை, மெல்ல மெல்ல வேளைக்கு 80 வரை கொண்டுபோகச் சொல்கிறது. நாளொன்றுக்கு 320! எங்கே செய்வது என்றும் சொல்லியிருக்கிறது: நல்ல அரசு நடக்கும் நாட்டில், தனியான சின்னக் குடிலில், பாலும் நெய்யும் சாப்பிட்டுக்கொண்டு. 8.40 ரயிலைப் பிடிக்க ஓடுகிறவருக்கு எழுதியது இல்லை என்பது தெளிவு. சிங்கம், யானை, புலியைப் பழக்குவதுபோல மூச்சை மெல்லப் பழக்கு, இல்லாவிட்டால் அது பழக்குபவனையே கொன்றுவிடும் என்று அந்த நூலே எச்சரிக்கிறது. பிரம்மானந்தரின் ஜ்யோத்ஸ்னா உரையோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் சென்னை அடையாறு நூலகம் 1972இல் போட்ட பதிப்பு நல்ல பதிப்பு.

திருமந்திரம் நம் வீட்டிலேயே இருக்கும் மூலம். மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் எட்டு உறுப்புகள் கொண்ட அட்டாங்க யோகத்தை வரிசையாகச் சொல்கிறார். "ஏறுதல் பூரகம் ஈரெட்டு வாமத்தால்" என்று தொடங்கும் பாட்டில் கணக்கே இருக்கிறது: இடது மூக்கால் 16 மாத்திரை (கால அளவு) உள்ளே, 64 மாத்திரை நிறுத்தல், 32 மாத்திரை வெளியே. ஒரு மாத்திரையை ஒரு நொடி என்று வைத்தாலே ஒரு மூச்சுக்கு 112 நொடி. சாதாரணமாக நாம் நிமிஷத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். இந்தப் பாட்டைப் படித்துவிட்டு அன்று மாலையே 64 எண்ண உட்கார்ந்த ஒருவரை எனக்குத் தெரியும். இருபத்தெட்டில் இருமல் வந்துவிட்டது. பாட்டு எட்ட வேண்டிய இடத்தைச் சொல்கிறது, ஏணிப்படிகள் குருவிடம் இருந்தன. படித்து ரசிக்க, பொருள் யோசிக்க இதைப்போல் வேறில்லை, அதுவும் நம் மொழியில்.

தமிழில் என்ன இருக்கிறது

இங்கேதான் கொஞ்சம் வருத்தம். கிருஷ்ணமாச்சாரியாரின் 'யோக மகரந்தம்' கன்னடத்தில் எழுதப்பட்டு, 1938இல் மதுரையில் தமிழில் அச்சானது. ஆங்கிலத்தில் கிடைக்கும் ஒரு மொழிபெயர்ப்பு அந்தத் தமிழ்ப் பதிப்பிலிருந்துதான் செய்யப்பட்டது என்றால் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் அது வரலாற்று ஆவணமாகப் படிக்க வேண்டியது. மைசூர் யோகசாலைப் பையன்களுக்கான கடுமையும், ஆசனத்துக்குள்ளேயே மூச்சை நிறுத்தும் முறைகளும் நிறைந்தது. தனியாகப் பார்த்துச் செய்ய நான் சொல்லமாட்டேன்.

வேதாத்திரி மகரிஷியின் எளியமுறை உடற்பயிற்சி நூல் நேர் எதிர். கை, கால், மூச்சு, கண், மகராசனம், உடலைத் தடவிவிடுதல், ஓய்வு என்று யாரும் செய்யக்கூடிய வரிசை. ஊருக்கு ஊர் அவர் வழியைக் கற்றுத்தரும் மனவளக்கலை மன்றங்கள் இருப்பதால், புத்தகத்தில் புரியாததைப் போய்க் கேட்டுக்கொள்ள முடிவது இதன் பெரிய வசதி. பாரம்பரிய ஆசனங்களைக் கற்க விரும்புபவருக்கு இது போதாது.

இன்னொன்று இலவசம். யோகா தினத்துக்காக ஆயுஷ் அமைச்சகம் வெளியிட்ட பொது யோகா நெறிமுறை. 45 நிமிஷப் பயிற்சி. கழுத்து, தோள் தளர்த்துவதில் தொடங்கி, தாடாசனம், விருட்சாசனம், திரிகோணாசனம், வஜ்ராசனம், புஜங்காசனம், பவனமுக்தாசனம், சவாசனம், பிறகு கபாலபாதி, நாடிசுத்தி, சீதளி, பிராமரி, தியானம். சிரசாசனம், சர்வாங்காசனம் போன்ற விவகாரங்கள் கிடையாது. எச்சரிக்கைக் குறிப்புகளும் இருக்கின்றன. கபாலபாதியை மட்டும், மேலே சொன்னபடி, எதிரில் ஆள் இல்லாமல் செய்யாதீர்கள். உப்புச் சப்பில்லாத அரசாங்கக் கைப்புத்தக நடைதான், ஆனால் ஒரு மாதம் செய்துபார்த்துவிட்டுப் பணம் போட்டுப் புத்தகம் வாங்கலாமா என்று முடிவெடுப்பவருக்கு இதைவிடப் புத்திசாலித்தனமான தொடக்கம் தெரியவில்லை.

தசையும் எலும்பும் படமாகப் பார்க்க லெஸ்லி காமினாஃபின் 'யோகா அனாடமி' (2007) அழகானது. இரண்டாவது புத்தகமாக வாங்கலாம். முதலாவதாக வாங்கினால் படம் பார்ப்பதோடு நின்றுவிடும்.

சரி, எதை வாங்குவது?

ஐம்பது தாண்டிய மூட்டுவலிக்காரர், பல வருஷம் உடம்பை அசைக்காதவர், ஒரே புத்தகத்தில் எல்லாம் வேண்டும் என்பவர்: முங்கேர். ஆரோக்கியமானவர், பக்கத்தில் வகுப்பு உண்டு, துல்லியம் பிடிக்கும் என்றால் ஐயங்கார். வகுப்பில் ஓரளவு கற்றுவிட்டு, இனி வீட்டில் எனக்கென்று ஒரு பயிற்சியை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பவருக்கு தேசிகாச்சார். இன்னும் மனம் நிலைப்படாதவருக்கு இலவச நெறிமுறை. எதை எடுத்தாலும் மூச்சு விதியை அந்த ஒரே புத்தகத்திலிருந்தே எடுங்கள், குறைந்தது ஆறு மாதம்.

கண்ணழுத்த நோய் உள்ளவர், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர், கர்ப்பிணி, சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர் இந்தப் பட்டியலிலிருந்து எதையும் வாங்கும் முன் மருத்துவரிடம் பேசிவிடுங்கள். தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் அழுத்தம் நன்றாகவே ஏறும். இதைப் பழைய புத்தகங்கள் பலவற்றில் தேடினாலும் கிடைக்காது.

நான் இப்போது செய்வது தேசிகாச்சார் வழியில் இருபது நிமிஷம், சந்தேகம் வந்தால் ஐயங்காரின் படம். முங்கேர் புத்தகம் என் அலமாரியில் இல்லை. அத்தை வீட்டில் இருக்கிறது. போன தீபாவளிக்குத் திருப்பிக் கேட்டேன். "இரு, இப்பத்தான் விறகு பிளக்கிற பக்கத்துக்கு வந்திருக்கேன்" என்றார். குந்தி உட்காருவது உங்கள் முழங்காலுக்கு வேண்டாம் என்று அதே பக்கத்தைப் பிரித்துக் காட்டிவிட்டு, எனக்கு இன்னொரு பிரதிக்குச் சொல்லிவைத்தேன்.